சாத்தானோடு போராட்டம்: அன்பியக் கூட்டம் முடிந்ததும் கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறேன். பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களுக்கும் போய் வருகிறேன். சாத்தானைப் பற்றிய சந்தேகத்தைக் கூட்டத்தின் நடுவில் யாரும் கேட்பதில்லை. எல்லாம் முடிந்து, சுண்டலும் காப்பியும் ஆன பிறகு, செருப்பு மாட்டும் இடத்தில் ஒருவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேட்கணும், தப்பா நினைக்காதீங்க" என்பார். அப்படி வந்த கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன். பதில்களில் இருப்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை. உங்கள் வீட்டு விஷயம் என்றால் இதைப் படித்ததோடு நிற்காமல் பங்குத்தந்தையிடம் போய்ப் பேசுங்கள்.

1. சாத்தான் என்று நிஜமாகவே ஒருத்தன் இருக்கிறானா, இல்லை மனுஷனுடைய கெட்ட குணத்துக்கு வைத்த பெயரா?

இருக்கிறான். நாம் தினமும் சொல்லும் பரலோக மந்திரத்தில் "தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும்" என்று முடிக்கிறோம். அதே வரி மத்தேயு நற்செய்தியின் இன்றைய மொழிபெயர்ப்பில் "தீயோனிடமிருந்து எங்களை விடுவியும்" என்று இருக்கிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இந்த மன்றாட்டில் வரும் தீமை ஓர் ஆளைக் குறிக்கிறது, அவன்தான் சாத்தான் என்று விளக்குகிறது. 1972 நவம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் மக்களுக்கான பொதுச் சந்திப்பில் இதைப் பற்றியே ஓர் உரை ஆற்றினார். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸும் சாத்தானை வெறும் கட்டுக்கதை என்றோ உருவகம் என்றோ நினைத்துவிடாதீர்கள், அப்படி நினைத்தால் எச்சரிக்கை போய்விடும் என்று எழுதினார்.

ஆனால் அவன் கடவுளுக்குச் சமமான எதிராளி கிடையாது. கடவுள் நல்லவனாகப் படைத்த ஒரு வானதூதன், தன் சொந்த விருப்பத்தால் கெட்டுப்போனவன். படைக்கப்பட்டவன் என்பதால் அவன் வல்லமைக்கு எல்லை உண்டு. கீழே வரும் பதில்கள் எல்லாமே இதை வைத்துத்தான்.

2. அப்போ பேய் என்பது செத்தவர்களின் ஆவி இல்லையா?

இல்லை. நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் கலந்துவிட்டது. விபத்திலோ வேறு விதமாகவோ அகாலமாக இறந்தவர் புளியமரத்தில் இருப்பார், நடுச்சாமத்தில் வந்து பிடிப்பார் என்று கேட்டே வளர்ந்தோம். மனிதர் ஒரே முறை சாகிறார்கள், பின்பு நீதித்தீர்ப்பு வருகிறது என்கிறது எபிரேயர் திருமுகம். இறந்தவர் ஆண்டவர் கையில் இருக்கிறார். தெருமுனையில் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றியும் இதே பேச்சு வரும். அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கக் கூடாது என்பதுதான் திருச்சபையின் போதனை. அவர்களுக்காகத் திருச்சபை செபிக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் விழும்படி "அவன் ஆவி சுத்துது" என்று பேசுவது பெரிய கொடுமை. தயவுசெய்து பேசாதீர்கள்.

3. ஆன்மீகப் போராட்டம், ஆன்மீகப் போராட்டம் என்கிறீர்களே, அது எங்கே நடக்கிறது?

பழைய ஞானோபதேசத்தை மனப்பாடமாகச் சொன்ன நம் பாட்டிமாரைக் கேட்டால், ஆத்துமத்தின் சத்துருக்கள் மூன்று என்பார்கள்: பசாசு, உலகம், சரீரம். இந்த மூன்றும் ஒன்றாகத்தான் வேலை செய்யும். தனியாகப் பசாசை மட்டும் பிடித்து வெளியே நிறுத்த முடியாது.

பேய் பிடிப்பது மிக அரிது. சோதனை எல்லோருக்கும் தினமும் வருகிறது, சாத்தானின் வழக்கமான வேலையும் அதுதான். பாகப்பிரிவினையில் அண்ணன் இரண்டு சென்ட் அதிகம் எடுத்துக்கொண்டான். பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஞாயிறு பூசையில் "ஒருவருக்கு ஒருவர் சமாதானத்தைத் தெரிவியுங்கள்" என்று குருவானவர் சொல்லும்போது, அண்ணன் நிற்கும் வரிசையை விட்டுவிட்டு மற்ற பக்கமெல்லாம் கைகுவித்துத் திரும்புகிறார் தம்பி. இதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கை அண்ணன் பக்கம் திரும்புமா, திரும்பாதா? போராட்டம் அங்கேதான் நடக்கிறது. பூசை முடிந்ததும் தம்பி வேகமாகப் போய் வண்டியை எடுத்துவிடுவார். யாரும் அலறுவதில்லை, யாரும் தரையில் உருளுவதில்லை. அவரைச் சாத்தான் தோற்கடித்துக்கொண்டிருக்கிறான் என்று யாருக்கும் தோன்றுவதும் இல்லை.

4. மனதில் வரும் கெட்ட எண்ணம் என்னுடையதா, அவன் போட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரும்பாலும் பிரித்துப் பார்க்க முடியாது, தேவையும் இல்லை. எங்கிருந்து வந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஒத்துக்கொள்ளாமல் இருப்பது. எண்ணம் வருவது பாவம் அல்ல. ஆண்டவரே பாலைவனத்தில் சோதிக்கப்பட்டார். கதவைத் தட்டுகிறவனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்காரவைப்பதுதான் நம் தவறு.

எதிரி வேலை செய்யும் விதத்தைப் புனித இலொயோலா இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டிலேயே விதிகளாக எழுதிவைத்தார். அவர் போர்வீரராக இருந்தவர். கோட்டையைச் சுற்றிவந்து எந்த இடத்தில் சுவர் பலவீனமோ அங்கே தாக்கும் படைத்தலைவனைப் போல எதிரி நம்மைச் சுற்றிவருகிறான் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். ஒரு பெண்ணை ஏமாற்ற நினைப்பவன் "அப்பாகிட்ட சொல்லாதே" என்பான். எதிரியும் அப்படித்தான் ரகசியத்தை விரும்புகிறான். விஷயத்தை ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கேட்கும் குருவிடமோ நல்ல வழிகாட்டியிடமோ வாய்விட்டுச் சொன்னால் அவன் திட்டம் உடைந்துபோகிறது. எனவே "இதை யாரிடமும் சொல்லாதே, கேவலம்" என்று மனதுக்குள் ஒரு குரல் வற்புறுத்தினால், முதலில் சொல்ல வேண்டிய விஷயம் அதுதான்.

5. சரி, தினமும் நான் என்னதான் செய்யணும்?

நாம் சின்ன வயதில் கற்றுக்கொண்டவைதான். காலையில் எழுந்ததும் சிலுவை அடையாளம், அவசரமாகக் கொசு ஓட்டுவது போல இல்லாமல். ஞாயிறு பூசை, தகுந்த தயாரிப்போடு நற்கருணை. மாதம் ஒருமுறையாவது ஒப்புரவு. இரவில் குடும்பமாகச் செபமாலை. முழுவதும் முடியாத நாளில் ஒரு பத்து மணியாவது. படுக்கும் முன் இரண்டு நிமிடம் அன்றைய நாளைத் திரும்பிப் பார்ப்பது. வெள்ளிக்கிழமை ஒறுத்தல்.

எபேசியர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் படைக்கலன்களைப் பார்த்தால் கச்சை, மார்புக்கவசம், மிதியடி, கேடயம், தலைச்சீரா என்று ஏறக்குறைய எல்லாமே காத்துக்கொள்ள உதவுபவை. தாக்குவதற்கு இருப்பது வாள் ஒன்று, அது கடவுளின் வார்த்தை. பாலைவனத்தில் இயேசு மூன்று சோதனைக்கும் மூன்று வசனத்தால்தான் பதில் சொன்னார், மூன்றும் இணைச்சட்ட நூலில் உள்ளவை. அவர் சாத்தானோடு வாக்குவாதம் செய்து நேரம் போக்கவில்லை. நாமும் இரண்டு மூன்று வசனங்களையாவது மனப்பாடமாக வைத்திருப்போம். கோபம் தலைக்கேறும் நேரத்தில் பைபிளைப் புரட்டித் தேட முடியாது.

6. ஒரே பாவத்தை மறுபடி மறுபடி சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாமியார் என்ன நினைப்பார்? கொஞ்ச நாள் நிறுத்திவைக்கலாமா?

நிறுத்தாதீர்கள். நாலாவது கேள்வியில் சொன்ன ரகசிய வேலையின் அடுத்த கட்டம் இது. பாவம் செய்யும் முன் "இதெல்லாம் ஒண்ணுமில்லை" என்பான். செய்து முடித்ததும் "உனக்கு இனி மன்னிப்பே கிடையாது" என்பான். இரண்டுமே பொய். திருவெளிப்பாடு நூல் அவனை நம் சகோதரர்மேல் இரவும் பகலும் குற்றம் சுமத்துகிறவன் என்கிறது. பாவத்தை உணர்த்தும் தூய ஆவியார் கூடவே வீட்டுக்கு வழியும் காட்டுவார். வழி காட்டாமல் மிதிக்கமட்டும் செய்யும் குரல் வேறு இடத்திலிருந்து வருகிறது.

மனம் வறண்டு சோர்ந்து கிடக்கும்போது, முன்பு தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்றும் இஞ்ஞாசியார் சொல்கிறார். மாதாமாதம் ஒப்புரவு என்று முடிவு செய்திருந்தால், வெட்கமாக இருக்கும் மாதத்தில்தான் கட்டாயம் போக வேண்டும்.

7. தீர்த்தம், மந்திரித்த உப்பு, பெனடிக்ட் மெடல் எல்லாம் வீட்டில் வைத்தால் போதுமா?

இவற்றுக்கு அருள்வேண்டல் குறிகள் என்று பெயர். திருச்சபையின் மன்றாட்டு இவற்றோடு இருப்பதால் மதிப்போடு பயன்படுத்தலாம். வீட்டு வாசலில் தீர்த்தம் வைத்து, தொட்டுச் சிலுவை வரைந்துகொண்டு வெளியே போவது நல்ல பழக்கம், அது நம் திருமுழுக்கை நினைவுபடுத்துகிறது. புனித பெனடிக்ட் மெடலில் ஓரமாக இருக்கும் இலத்தீன் எழுத்துகள், "அப்பாலே போ சாத்தானே, வீணானவற்றைக் காட்டி என்னை மயக்காதே" என்று தொடங்கும் செபத்தின் முதலெழுத்துகள். பொருள் தெரிந்து அணிந்தால் அது தினசரி செபம். பொருள் தெரியாமல், பூசைக்கும் போகாமல், மெடல் பார்த்துக்கொள்ளும் என்று இருந்தால் தாயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

8. மிக்கேல் சம்மனசு செபம் பாமர மக்கள் சொல்லலாமா? சொன்னால் சாத்தானைச் சீண்டின மாதிரி ஆகுமா?

தாராளமாகச் சொல்லலாம். சாத்தானிடமிருந்து காக்கும்படி அதிதூதர் மிக்கேலிடம் கேட்கும் செபம் இது. 1886 முதல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயரின் (லியோ) ஆணைப்படி பாட்டில்லாப் பூசைக்குப் பின் இதைச் சொல்லிவந்தார்கள். 1960களின் வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் அந்தக் கட்டாயம் நீங்கியது, செபம் நீங்கவில்லை. 1994இல் இரண்டாம் யோவான் பவுல் இதை மறக்காமல் சொல்லுங்கள் என்றார். 2018 அக்டோபர் முழுவதும் செபமாலையின் முடிவில் இதைச் சேர்த்துச் சொல்லும்படி பிரான்சிஸ் கேட்டுக்கொண்டார்.

அதே சிங்கராயர் பெயரில் நீளமான பேயோட்டும் செபம் ஒன்றும் இருக்கிறது. அதைப் பொதுநிலையினர் பயன்படுத்தக் கூடாது என்று 1985இல் வத்திக்கான் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் ஆயர்களுக்கு எழுதியது. வாட்ஸப்பில் சுற்றும் செபங்களில் இரண்டும் கலந்து வருகிறது, கவனியுங்கள். "சாத்தானே, உனக்குக் கட்டளையிடுகிறேன்" என்று அவனைப் பார்த்துப் பேசும் செபம் நம்முடையது அல்ல. நாம் ஆண்டவரிடமும் மாதாவிடமும் மிக்கேலிடமும் மன்றாடுகிறோம், அவ்வளவுதான்.

9. எங்களுக்குச் செய்வினை வைத்துவிட்டார்கள். எடுத்துவிடச் சொல்லி ஒருத்தரிடம் போனோம். தப்பா?

ஒரு அக்கா என்னிடம் இப்படித்தான் வந்தார். இடது மணிக்கட்டில் கருப்புக் கயிறு, ஒன்பது முடிச்சு. கழுத்தில் செபமாலை. கயிறு கட்டியவர் அதைக் கழற்றினால் வீட்டில் உயிர் போகும் என்று சொல்லியிருந்தார். அந்த அக்கா குளிக்கும்போதுகூட அந்தக் கையைத் தூக்கியே வைத்திருந்தாராம். அவருடைய கஷ்டம் நிஜம்: கணவருக்கு வேலை போயிருந்தது, மகளுக்குத் தொடர்ந்து காய்ச்சல். ஆனால் முன்பு இல்லாத ஒரு பயத்தைக் காசு கொடுத்து வாங்கி வந்திருந்தார்.

குறி கேட்பது, மந்திரவாதியிடம் போவது, வைத்ததை எடுக்க இன்னொருவரிடம் போவது எல்லாமே முதல் கட்டளைக்கு எதிரானவை. போயிருந்தால் ஒப்புரவில் சொல்லுங்கள். கயிறு, தகடு எதுவானாலும் பங்குத்தந்தையிடம் கொடுத்துவிடுங்கள். அந்த அக்கா பீடத்துக்கு முன் முட்டிபோட்டார், பங்குத்தந்தை செபித்துவிட்டுக் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மகளுக்கு இருந்தது டைபாய்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குணமாக்கினார்கள்.

10. பக்கத்து வீட்டு இந்து அண்ணி பிரசாதம் கொடுத்தால் சாப்பிடலாமா? பிசாசு வந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார்.

உணவு வழியாகப் பிசாசு வராது. சிலைக்குப் படைத்ததைப் பற்றிக் கொரிந்தியருக்கு எழுதும் பவுல், வேறொரு தெய்வ வழிபாட்டில் பங்கெடுப்பதைக் கண்டிப்பாகத் தடுக்கிறார். அந்த இடத்தில் பேய்கள் என்ற சொல்லையே பயன்படுத்துகிறார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டு முன்னால் வைப்பதைக் கேள்வி கேட்காமல் சாப்பிடுங்கள் என்றும், "இது படைத்தது" என்று சொல்லிக்கொடுத்தால் மற்றவரின் மனச்சான்றை நினைத்து விலகிக்கொள்ளுங்கள் என்றும் அதே அதிகாரத்தில் சொல்கிறார். எனவே அண்ணியிடம் அன்போடு, "எங்க வழக்கத்துல பிரசாதம் எடுத்துக்கறதில்லை அண்ணி, சாப்பாடு குடுங்க, சாப்பிடறேன்" என்று சொல்லலாம். முகத்தில் அடித்தமாதிரி மறுத்து அவரைப் பிசாசோடு சேர்த்துப் பேசுவது பாவம். மற்ற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமானது எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

11. எங்கள் குடும்பத்தில் பரம்பரை சாபம் இருப்பதாகத் தியானத்தில் சொன்னார்கள். வம்சாவளி எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

எழுதிக் கொடுக்காதீர்கள். தந்தையின் குற்றத்தை மகன் சுமக்க மாட்டான் என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் தெளிவாகச் சொல்கிறது. திருமுழுக்கு எல்லாப் பாவத்தையும் போக்குகிறது. முன்னோரின் பாவம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் திருமுழுக்கு என்ன செய்தது? 2024இல் ஸ்பெயின் ஆயர்கள் இந்தப் பழக்கத்தை எச்சரித்து ஒரு குறிப்பே வெளியிட்டார்கள். தாத்தா குடித்தார், அப்பா குடித்தார், மகனும் குடிக்கிறான் என்றால் அந்த வழியை மாற்ற சிகிச்சையும் செபமும் வேண்டும். இறந்த முன்னோருக்காகப் பூசை வையுங்கள். அவர்களுக்கு நாம் செய்யக்கூடியது அது.

12. என் தங்கை முன்பு மாதிரி இல்லை, வேறு குரலில் பேசுகிறாள். பேயா, மனநோயா?

முதலில் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 1998இல் புதுப்பிக்கப்பட்ட பேயோட்டும் சடங்குமுறையே குருவானவர் அவசரப்பட்டு முடிவுக்கு வரக் கூடாது, தேவைப்பட்டால் மருத்துவர், மனநல மருத்துவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. கற்றுக்கொள்ளாத மொழியில் நீளமாகப் பேசுவது, மறைவானவற்றை அறிவது, வயதுக்கும் உடலுக்கும் மீறிய பலம், தூய பொருள்களின்மேல் கடும் வெறுப்பு என்று அது தரும் அடையாளங்கள்கூட உறுதியான சான்றுகள் ஆகிவிடாது.

புளியம்பட்டி அந்தோனியார் கோயிலுக்கும் ராஜாவூர் மிக்கேல் சம்மனசு கோயிலுக்கும் இப்படிப்பட்ட வேதனையோடு எத்தனையோ குடும்பங்கள் போய்த் தங்குகின்றன. போங்கள், செபியுங்கள். மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். "விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஜெர்மனியில் கிளிங்கன்பெர்க் ஊரில் வலிப்பு நோய் இருந்த 23 வயது மாணவி ஒருவருக்கு ஆயரின் அனுமதியோடு 67 முறை பேயோட்டினார்கள். 1976இல் அந்தப் பெண் உணவும் நீரும் இல்லாமல் இறந்தார். பெற்றோரும் இரண்டு குருக்களும் 1978இல் நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டார்கள். அவர்கள் எல்லோரும் நல்லது நினைத்தே செய்தார்கள் என்பதுதான் இதில் மனதை அறுப்பது.

கட்டிப்போடுவதோ அடிப்பதோ எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. மனநோயுள்ளவரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண் 14416, தமிழிலும் பேசுவார்கள்.

13. எங்கள் செபக்குழு அண்ணன் தலையில் கைவைத்துப் பேயோட்டுகிறார். அவருக்கு வரம் இருக்கிறதாம்.

திருச்சபைச் சட்டம் 1172 சொல்வது இது: பேய் பிடித்தவர்மேல் பேயோட்டும் சடங்கைத் தலத்திருச்சபைத் தலைவரின் (பொதுவாக ஆயரின்) தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் யாரும் செய்யக் கூடாது. பக்தி, அறிவு, விவேகம், நேர்மையான வாழ்வு உள்ள குருவுக்கு மட்டுமே அந்த அனுமதி கொடுக்கலாம். ஆக எல்லாக் குருக்களுக்கும்கூட இது கிடையாது. அந்த அண்ணன் உங்களுக்காக ஆண்டவரிடம் செபிக்கலாம், சேர்ந்து செபமாலை சொல்லலாம். பேயின் பெயரைக் கேட்பதும், அதோடு பேட்டி எடுப்பதும், கூட்டத்தின் முன் ஒரு பெண்ணைத் தலைவிரிகோலமாக ஆட்டிவைப்பதும் கூடாது. அந்தப் பெண் மறுநாள் தண்ணீர்க் குழாய்க்கு அதே தெருவில்தான் வர வேண்டும்.

திருத்தூதர் பணிகள் 19இல் ஸ்கேவாவின் ஏழு மகன்கள் இயேசுவின் பெயரைக் கடன்வாங்கிப் பேயோட்டப் போய், அடிவாங்கி ஆடையின்றி ஓடியதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

14. யூடியூபில் பேயோட்டும் வீடியோ பார்த்தால் விசுவாசம் வளரும்தானே?

வளர்வது பயம்தான். 12இல் சொன்ன சடங்குமுறை பேயோட்டுதலைக் காட்சிப்பொருள் ஆக்கக் கூடாது, ஊடகங்களை அனுமதிக்கக் கூடாது என்கிறது. கேமரா முன் நடக்கிறது என்பதே அது சரியாக நடக்கவில்லை என்பதற்கு அடையாளம்.

15. நற்கருணை வாங்கப் போகும்போதே ஆண்டவரைத் திட்டுகிற கெட்ட வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. எனக்குள் பிசாசு இருக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் எல்லோருமே ஆண்டவரை மிகவும் நேசிப்பவர்கள், அழுதுகொண்டே கேட்டவர்கள். உங்களுக்கு அந்த வார்த்தைகள் பிடிக்கவில்லை, அருவருப்பாக இருக்கிறது. அப்படியானால் நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை, நாலாவது பதில்படி பாவமும் இல்லை. அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், தெருவில் குரைக்கும் நாயைத் தாண்டிப் போவது போலப் போய் நற்கருணை வாங்குங்கள்.

ஒரே எண்ணம் விடாமல் துரத்தி, அதைப் போக்க இருபது முறை சிலுவை போடுவது, ஒப்புரவு முடிந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி வரிசையில் நிற்பது என்று போனால் அது எண்ணச்சுழல் நோயாக (ஓசிடி) இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. ஒரே ஒரு குருவிடம் தொடர்ந்து போய், அவர் "இதைத் திரும்பச் சொல்ல வேண்டாம்" என்றால் அதற்குக் கீழ்ப்படியுங்கள். மருத்துவரையும் பாருங்கள்.

16. கடவுள் நினைத்தால் சாத்தானை ஒரு நொடியில் அழிக்கலாமே. ஏன் விட்டுவைத்திருக்கிறார்?

முழுப் பதில் என்னிடம் இல்லை. சாத்தானின் செயல்பாட்டைக் கடவுள் அனுமதிப்பது பெரிய மறைபொருள் என்று மறைக்கல்வி நூலே சொல்லிவிடுகிறது. கூடவே, அவரை அன்பு செய்கிறவர்களுக்கு எல்லாமே நன்மைக்கு உதவும்படி அவர் செய்கிறார் என்ற பவுலின் சொல்லையும் பக்கத்தில் வைக்கிறது.

எனக்கு ஆறுதல் தருவது லூக்கா 22. சீமோனே, உங்களைக் கோதுமையைப் போலப் புடைக்கச் சாத்தான் கேட்டிருக்கிறான் என்கிறார் இயேசு. அவன் கேட்டு வாங்க வேண்டிய நிலையில் இருக்கிறான், அதைக் கவனியுங்கள். அடுத்து, "உன் விசுவாசம் தளராதபடி உனக்காக மன்றாடினேன்" என்கிறார். பேதுரு அன்று இரவே மூன்று தடவை மறுதலித்தார். ஆனாலும் அந்த மன்றாட்டு வீணாகவில்லை. சேவல் கூவியதும் ஓடிப்போய் அழுதார், திரும்பி வந்தார், திருச்சபையின் பாறையானார்.

17. எல்லாம் சரி. ஆனால் ராத்திரி தனியாகப் படுத்தால் பயம் வருகிறது. சத்தம் கேட்கிறது.

பிரான்சில் ஆர்ஸ் என்ற சின்ன ஊரின் பங்குக்குரு புனித ஜான் மரிய வியான்னிக்கும் அப்படித்தான் இருந்தது. இரவில் கதவு தட்டும் சத்தம், திரைச்சீலையைக் கிழிக்கும் சத்தம். முதலில் திருடன் என்று நினைத்து ஊர்க்காரர்களைத் துணைக்குப் படுக்கவைத்தார், பயந்தும் போனார். பிறகு பழகிவிட்டது. சத்தம் அதிகமான இரவுக்கு மறுநாள் ஒரு பெரிய பாவி மனம்மாறி ஒப்புரவுக்கு வருவான் என்று சொல்லிக்கொள்வார். நடுஇரவு தாண்டியதும் எழுந்து விளக்கை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் ஒப்புரவுத் தொட்டியில் உட்கார்ந்துவிடுவார். அங்கே ஏற்கெனவே வரிசை நிற்கும்.

உங்கள் வீட்டுச் சத்தம் பெரும்பாலும் பூனையோ தகரக் கூரையோதான். எதுவாக இருந்தாலும், நெற்றியில் தீர்த்தத்தால் சிலுவை வரையுங்கள். 91ஆம் திருப்பாடலை மெதுவாகச் சொல்லுங்கள். திருச்சபை இரவு மன்றாட்டில் சொல்லும் பாடல் அது. ஒரு அருள்நிறை மந்திரம். பக்கத்தில் பிள்ளைகள் படுத்திருந்தால் அவர்கள் நெற்றியிலும் ஒரு சிலுவை. அப்புறம் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள், காலையில் வேலை இருக்கிறது.